தாயின் ஊசியும் மகனின் கையும்

சென்ற திங்களில் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று இன்னும் நம் மேசைமீதே கிடக்கிறது. எழுதியவர் ஒரு கைம்பெண். வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்து, மூன்று பிள்ளைகளை வளர்த்து வருகிறவர். இளைய மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறான். ஆடை வடிவமைக்கும் கலையைக் கற்க விரும்புகிறான். உறவினர் நகைக்கின்றனர். தாய்மாமனோ, ஆண்பிள்ளை பெண்களுக்குத் துணி தைத்துப் பிழைப்பதா என்று சினந்து, வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாராம்.

அத்தாய் நம்மிடம் கேட்பவை இரண்டு கேள்விகள். இது மதிப்புள்ள தொழில்தானா? பகட்டையும் ஆடம்பரத்தையும் வளர்க்கும் அவ்வுலகில் ஒரு கிறிஸ்தவப் பிள்ளை தன் உள்ளத்தைக் காத்துக்கொள்ள இயலுமா? இரண்டும் எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்விகள் அல்ல. அறிவுரை கூறி முடித்துவிடுவதைவிட, இதே சூழ்நிலையில் பிறந்து வளர்ந்த வேறொரு கைம்பெண்ணின் மகனைப் பற்றிச் சொல்வது நலம் என்று நமக்குத் தோன்றியது. அவர் பெயர் கிறிஸ்தோபல் பலென்சியாகா. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஆடைக் கலைஞர் என்று அத்தொழிலில் இருந்தவர்களே ஒப்புக்கொண்ட மனிதர் அவர்.

ஸ்பெயின் நாட்டின் வடகரையில், பாஸ்க் மக்கள் வாழும் பகுதியில், கெத்தாரியா என்னும் சிறிய மீன்பிடி ஊர் இருக்கிறது. உலகை முதன்முதலாகக் கப்பலில் சுற்றி 1522-இல் கரை திரும்பிய மாலுமி ஹுவான் செபாஸ்தியான் எல்கானோ பிறந்த ஊர் அதுவே. குறுகிய தெருக்கள், துறைமுகம், வலைகள், ஊர் நடுவே பழமையான இரட்சகர் ஆலயம். அவ்வாலயத்தின் தரை சமமாக இராது. பீடத்தை நோக்கிச் சாய்ந்து ஏறும். இவ்வூரில் 1895 சனவரி 21-ஆம் நாள் கிறிஸ்தோபல் பிறந்தார். தந்தை ஹோசே கடலோடி. தாய் மார்த்தினா எய்சாகிர்ரே தையற்காரி. அகுஸ்தினா என்ற அக்காளும் ஹுவான் மார்தின் என்ற அண்ணனும் இருந்தனர்.

சிறுவனுக்குப் பதினொரு வயதானபோது, 1906-இல், தந்தை இறந்தார். கடலை நம்பியிருந்த குடும்பம் அன்றுமுதல் ஊசியை நம்பலாயிற்று. மார்த்தினா ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்றுக்கொடுத்தார். வசதி படைத்தோருக்கு ஆடை தைத்தார். அந்த அறையின் மூலையில் உட்கார்ந்துதான் கிறிஸ்தோபல் துணியைத் தொட்டறிந்தார். எந்தத் துணி விழும், எது நிற்கும், எது இழுத்தால் விட்டுக்கொடுக்கும், எது முறைத்துக்கொள்ளும் என்பதை அவர் விரல்கள் கற்றது பள்ளியில் அன்று, தாயின் மடியருகே. வீட்டில் தையல் இயந்திரம் உள்ள நம் வாசகர்கள் இதைப் படிக்கும்போது, கீழே சிந்திய துண்டுத் துணிகளை எடுத்து விளையாடும் தம் பிள்ளைகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

கோடைக்காலத்தில் கெத்தாரியாவுக்கு ஒரு பிரபு குடும்பம் வருவதுண்டு. காசா தோரெஸ் பிரபு குடும்பம் என்பர். ஊருக்கு மேலே குன்றின்மீது அவர்கள் மாளிகை நின்றது. பிரபுவின் மனைவிக்கு மார்த்தினா ஆடை தைத்துக்கொடுப்பார். தாயுடன் மாளிகைக்குப் போய்வந்த சிறுவன் அங்கே இரண்டு செல்வங்களைக் கண்டான். ஒன்று, பாரிசிலும் இலண்டனிலும் தைக்கப்பட்ட ஆடைகள். மற்றொன்று, சுவர்களில் தொங்கிய ஸ்பானிய ஓவியங்கள். ஒருநாள் அப்பெருமாட்டி அணிந்திருந்த ஆடையை வியந்து பார்த்த சிறுவன், இதைப் போன்ற ஒன்றைத் தன்னாலும் செய்ய இயலும் என்றானாம். அவர் சிரித்துத் தள்ளிவிடாமல், நல்ல துணியையும் தம் விலையுயர்ந்த ஆடையொன்றையும் கொடுத்து, செய்துகாட்டச் சொன்னாராம். அவன் செய்து முடித்தான். அவர் அதை உடுத்தினார். இக்கதை பலமுறை பலவிதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு விவரமும் நடந்ததென்று நாம் உறுதி கூறமாட்டோம். ஆனால் அப்பெருமாட்டி அவனுக்குத் துணைநின்றார் என்பது உண்மை. திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் பணம்கூட அன்று. அவனால் ஆகும் என்று நம்பி, பாழானாலும் பரவாயில்லை என்று ஒரு துண்டு நல்ல துணியை அவன் கையில் கொடுக்கும் ஒருவரே.

பன்னிரண்டாம் வயதில் அவன் சான் செபாஸ்தியான் நகருக்குத் தொழில் பயில அனுப்பப்பட்டான். நாம் வணங்கும் புனித செபஸ்தியாரின் பெயரைத் தாங்கிய நகர் அது. கெத்தாரியாவிலிருந்து தொலைவில் இல்லை. ஸ்பானிய அரச குடும்பம் கோடையைக் கழித்த இடமாதலால், செல்வர் கூட்டமும் நல்ல தையற்கடைகளும் அங்கே நிறைந்திருந்தன. முதலில் தையற்கடைகளில் எடுபிடி. பிறகு வெட்டும் மேசை. 1911-இல் பாரிஸ் பெருங்கடை ஒன்றின் கிளையில் சேர்ந்து, சில ஆண்டுகளுக்குள் பெண்கள் ஆடைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பாரிசுக்குப் பயணம் போய், அங்குள்ள பெரிய கடைகளின் ஆடைகளை வாங்கிவரும் வேலையும் வாய்த்தது. அவர் அவற்றை வெறுமனே பார்க்கவில்லை. எந்த இடத்தில் மடிப்பு, எந்தத் தையல் எதைத் தாங்குகிறது, துணி நேராக வெட்டப்பட்டதா குறுக்காக வெட்டப்பட்டதா என்று ஆராய்ந்து கற்றார்.

இங்கே அத்தாயின் மகனுக்கு ஒரு சொல். கலைஞன் என்றால் தாளில் அழகிய படம் வரைபவன் என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். பலென்சியாகாவின் தொடக்கம் படம் அன்று, வெட்டும் தையலும். பிற்காலத்தில் பாரிசின் புகழ்பெற்ற ஆடைக் கலைஞர்களுள், துணியைத் தெரிவு செய்து, வெட்டி, கூட்டி, தம் கையாலேயே தைத்து முடிக்கக் கூடியவர் அவர் ஒருவரே என்று கோகோ ஷானெல் பாராட்டியதாகச் சொல்வர். கிறிஸ்தியான் தியோர் அவரைத் தங்கள் அனைவருக்கும் ஆசான் என்றே மதித்தார். இவ்விருவரும் தொழிலில் அவருக்குப் போட்டியாளர்கள் என்பதை மறக்கலாகாது.

1917-இல், இருபத்திரண்டு வயதில், சான் செபாஸ்தியானில் தம் பெயரில் கடை திறந்தார். பிறகு கூட்டாளிகளுடன் சிலகாலம். 1924 முதல் மீண்டும் தனியாக. ஸ்பெயினின் அரசியரும் பிரபு குடும்பத்துப் பெண்டிரும் வாடிக்கையாளராயினர். கடைகளுள் சிலவற்றுக்கு அவர் இட்ட பெயர் எய்சா. தாயின் குடும்பப் பெயரான எய்சாகிர்ரே என்பதன் முதற்பகுதி அது. உலகம் தம்மைத் தந்தையின் பெயரால் அறிய, ஸ்பெயினில் தம் கடைப்பலகையில் தாயின் பெயரை எழுதிவைத்தார். திண்ணையில் தைத்துக்கொண்டிருக்கும் தாய்மாரே, இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயினும் ஏற்றத்தோடு இறக்கமும் வந்தது. 1931-இல் அரசர் நாட்டைவிட்டுப் போனார், குடியரசு பிறந்தது, அரண்மனை வாடிக்கை அற்றுப்போயிற்று. மனந்தளராமல் 1933-இல் மாத்ரித்திலும் 1935-இல் பார்செலோனாவிலும் கிளைகள் திறந்தார். 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. உடன்பிறந்தோர் உடன்பிறந்தோரைக் கொன்ற அக்கொடிய போரில் அவர் கடைகள் மூடப்பட்டன. இருபதாண்டு உழைப்பு கண்முன்னே நின்றுபோக, அவர் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிசை அடைந்தார். நண்பர்களுடன் கூட்டுச் சேர்ந்து, 1937-இல் ஜார்ஜ் ஐந்தாம் நிழற்சாலையின் பத்தாம் எண் கட்டடத்தில் தம் ஆடையகத்தைத் தொடங்கினார். வயது நாற்பத்திரண்டு. அந்நகருக்கு அவர் புதியவர். ஆனால் தொழிலில் முப்பதாண்டு பழகிய கை அது. முதல் தொகுப்பே வெற்றி பெற்றது. போருக்குப் பின் ஸ்பெயின் கடைகளும் மீண்டும் திறந்தன.

பாரிசில் நடைபெறும் இத்தொழிலை ஓத் கூத்தூர் என்பர். உயர்தரத் தையல் என்று பொருள். ரெடிமேட் கடையில் வாங்குவது போன்றதன்று இது. வாடிக்கையாளர் ஒருவரின் உடலை அளந்து, முதலில் காடாத் துணி போன்ற மலிவான துணியில் மாதிரி ஒன்று தைத்து, அவர் உடலில் போட்டுப் பார்த்துத் திருத்தி, அதன் பின்னரே விலையுயர்ந்த துணியில் கத்தரிக்கோல் படும். பெரும்பகுதி கைத்தையல். ஓர் ஆடைக்குப் பல கைகள் பல நாள்கள் உழைக்க வேண்டும். 1945 முதல் இப்பெயரை யார் வேண்டுமானாலும் பயன்படுத்த முடியாதபடி பிரெஞ்சு அரசு சட்டத்தால் காத்து வருகிறது. விந்தை என்னவெனில், அத்தொழிலோர் சங்கத்தில் பலென்சியாகா ஒருபோதும் உறுப்பினராகவில்லை. சங்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அவர் ஆடைகளின் தனித்தன்மை யாது? ஒரே சொல்லில் கூறினால், உடலுக்கு இடம் விடுதல். தியோர் 1947-இல் இடுப்பை இறுக்கிப் பாவாடையை விரித்து உலகை மயக்கிய காலத்தில், பலென்சியாகா எதிர்த்திசையில் நடந்தார். 1951-இல் முன்புறம் உடலோடு ஒட்டியும் பின்புறம் தளர்ந்தும் நிற்கும் மேலாடையை அமைத்தார். 1955-இல் நேராக விழும் நீள் சட்டை. 1957-இல் இடுப்பே தெரியாத, பைபோன்ற ஆடை. முதலில் நகைத்தவர்கள் பலர். பின்னர் உலகமே அதை உடுத்தியது. கழுத்துப் பட்டையைக் கழுத்திலிருந்து சற்று விலக்கி வைத்தார். கழுத்து நீண்டு தோன்றியது. கையை மணிக்கட்டுக்கு மேலே நிறுத்தினார். கைகளை எளிதாக அசைக்க முடிந்தது. இளமை கடந்த, வயிறு சற்றுப் பருத்த பெண்மணிகள் அவர் ஆடைகளில் கம்பீரமாக விளங்கினர். குறையை மறைத்து அவமானப்படுத்துவது அவர் நோக்கமன்று. அவரவர் உடல் அவரவர்க்கு நிம்மதியாக இருக்கச் செய்வதே நோக்கம்.

கை தைப்பதில் அவர் காட்டிய கண்டிப்புப் பற்றித் தொழிற்கூடமே கதை கதையாகச் சொல்லும். தையல் தெரிந்தோர் அறிவர்: சட்டையில் மிகக் கடினமான இடம் தோளில் கை சேரும் இடம். அங்கே பிழைத்தால் கையைத் தூக்கும்போது ஆடை முழுதும் மேலேறும். முடிந்துவிட்ட ஆடையிலும் கை சரியாக அமையவில்லை என்று கண்டால், பலென்சியாகா தம் கையாலேயே பிரித்தெடுத்து மீண்டும் வைப்பார். காட்சிக்கு முந்திய இரவாயினும் விடமாட்டார். உடுத்துபவர் அந்த வேறுபாட்டைச் சொல்லில் சொல்லியிருக்க மாட்டார். ஆயினும் தைத்தவருக்குத் தெரியும். யாரும் காணாத தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கும் அந்த மனத்தைத்தான் நாம் இவ்வாழ்க்கையில் பெரிதாகக் காண்கிறோம். நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையில் புனித சூசையப்பர் செய்த மேசையின் அடிப்பக்கமும் இழைக்கப்பட்டுத்தான் இருந்திருக்கும் என்று நாம் நம்புவதில்லையா!

அவருடைய கற்பனைக்கு ஊற்று எது என்று தேடினால், பாரிஸ் அன்று, பிறந்த ஊரே. கெத்தாரியாத் துறைமுகத்தில் மீனவர் அணிந்த தளர்ந்த மேற்சட்டை அவர் கையில் பெருமாட்டியரின் ஆடையாயிற்று. காளைப்போர் வீரர்களின் சரிகைக் குறுஞ்சட்டையும், ஆந்தலூசிய நடனப் பெண்களின் அடுக்கு மடிப்புப் பாவாடையும் அவர் வேலையில் தலைகாட்டும். மாளிகைச் சுவரில் சிறுவயதில் தொடங்கிய ஓவியப் பழக்கம் கடைசிவரை விடவில்லை. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வெலாஸ்கெஸ் தீட்டிய குட்டி இளவரசி மார்கரிதாவின் உருவை வைத்து, 1939-இல் வெண்பட்டில் கறுப்பு வெல்வெட் ஒட்டிய ஆடை ஒன்றை அமைத்தார். கோயாவின் கறுப்பு லேஸ் முக்காட்டை அவர் மறக்கவேயில்லை. 2019-இல் மாத்ரித்து நகரின் திசென் அருங்காட்சியகம் பழைய ஸ்பானிய ஓவியங்களையும் அவர் ஆடைகளையும் அருகருகே வைத்து ஒரு காட்சி நடத்தியது.

மூன்றாவது ஊற்று ஆலயம். சிறுவயதுமுதல் ஞாயிறுதோறும் திருப்பலியில் அவர் கண்டவை எவை? தோளிலிருந்து நேராக விழும் பூசை உடை; பவனியில் குருவானவர் போர்த்தும் கனத்த மேற்போர்வை; கறுப்பு அங்கி; துறவியின் தலைமூடி; கர்தினாலின் செந்நிறம். இவை அனைத்தும் இடுப்பை இறுக்காதவை. தோளைப் பற்றிக்கொண்டு துணியின் கனத்தாலேயே நிற்பவை. ஓவியர் சுர்பரான் தீட்டிய வெண்ணங்கித் துறவியரைக் கண்டோர், பலென்சியாகாவின் வெண்ணிற ஆடைகளையும் கண்டால் உறவை உடனே உணர்வர். 1958-இல் சூரிக் நகரின் ஆபிரகாம் துணி நிறுவனத்தார் அவருக்காக காசார் என்ற பட்டுத்துணியை உருவாக்கினர். முறுக்கேறிய இழைகளால் நெய்த, காற்றில் தானே நிற்கக்கூடிய துணி அது. அத்துணியில் 1967-இல் அவர் அமைத்த திருமண உடை ஆடைக்கலை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. சரிகையில்லை, முத்தில்லை, பூவேலையில்லை. வழக்கமான மெல்லிய முக்காட்டுக்குப் பதில், முகத்தின் இருபுறமும் மறைக்கும் தலைமூடி. மீனவரின் மழைத்தொப்பி என்பர் சிலர். துறவியின் தலைமூடி என்பர் சிலர். கெத்தாரியாப் பிள்ளைக்கு இரண்டும் வீட்டுப் பொருள்கள்தாமே.

1961-இல் அவர் ஒரே தையலில் மேலங்கி ஒன்றை அமைத்தார். ஒரு பெரிய துணியை ஒரே இடத்தில் மட்டும் இணைத்து, கையும் உடலும் கழுத்தும் அதிலிருந்தே பிறக்கச் செய்தார். முப்பது தையல் போடுவது எளிது. இருபத்தொன்பதை விட்டுவிடுவதுதான் கடினம். ஆண்டவரின் அங்கி தையலின்றி மேலிருந்து கீழ்வரை நெய்யப்பட்டிருந்ததால், சேவகர் அதைக் கிழிக்க மனமின்றிச் சீட்டுப்போட்டனர் என்று பாடுகளின் வரலாற்றில் கேட்கிறோம். பலென்சியாகா அதை எண்ணித்தான் செய்தார் என்று நாம் கூறவில்லை. நல்ல துணியைக் கிழிக்க மனம் வராத அந்த மரியாதை மட்டும் இரண்டிலும் ஒன்றே.

அம்மனிதர் எப்படி வாழ்ந்தார்? பெயருக்காக ஓடவில்லை. தம் ஆடைக்காட்சிகளின் முடிவில் வெளியே வந்து வணங்கமாட்டார். திரைக்குப் பின்னாலேயே நிற்பார். ஆண்டுக்கணக்காக அவரிடம் ஆடை வாங்கிய பெண்மணிகள் பலர் அவர் முகத்தைக் கண்டதில்லை. செய்தித்தாள்களுக்குப் பேட்டி கொடுக்க மறுத்தார். ஓய்வு பெற்ற பின்னர் 1971-இல்தான் இலண்டன் டைம்ஸ் இதழுக்கு மனம் திறந்தார். தொழிற்கூடத்தில் உரத்த பேச்சு கிடையாது. வந்தவர்கள் அதை ஒரு மடத்துக்கு ஒப்பிட்டனர். கத்தோலிக்க நெறியில் பிறந்து, அதிலேயே இறுதிவரை நிலைத்தவர். தாம் அறிந்ததை மறைத்து வைக்கவுமில்லை. ஆந்திரே கூரேஜ், எம்மானுவேல் உங்காரோ ஆகியோர் அவரிடம் பணிபுரிந்து கற்றுப் பின்னர் தனியே பெயர் பெற்றனர். இளைஞரான ஊபேர் ஜிவான்ஷி அவரை வழிகாட்டியாகவே போற்றினார்.

இனி அத்தாயின் இரண்டாவது கேள்வியை மழுப்பாமல் எதிர்கொள்வோம். இத்தனையும் செல்வர்களுக்குத்தானே? ஏழைத் தையற்காரியின் மகன் பெருஞ்செல்வப் பெண்டிரின் அலமாரியை நிரப்பியதில் என்ன அறம்? உண்மைதான். அந்த ஆடைகளின் விலையைக் கெத்தாரியா மீனவன் தன் வாழ்நாளில் ஈட்டியிருக்க மாட்டான். இதை அவர் புகழால் மூடிவிட நாம் விரும்பவில்லை. ஆயினும் இன்னொரு பக்கமும் உண்டு. அவ்விலை ஒரு பெயருக்குக் கொடுத்த விலையாக மட்டும் இருக்கவில்லை. தைத்த கைகளுக்கும் அதில் வேலை இருந்தது. அவர் தைத்த ஆடை ஓர் ஆண்டுக்குப் பின் குப்பைக்குப் போகவில்லை. அறுபதாண்டு கழித்தும் தையல் விடாமல் அருங்காட்சியகங்களில் நிற்கிறது. இன்று மலிவு விலைக்கு வாங்கி, மூன்று முறை துவைத்தபின் எறிந்துவிடும் ஆடைகளை யார் எவ்வளவு கூலிக்குத் தைக்கிறார்கள் என்று நாம் கேட்பதுண்டா? 2013-இல் வங்காளதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து, 1,100-க்கு மேற்பட்ட தையல் தொழிலாளர் மாண்டனர். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தவை எளிய மக்களின் மலிவு ஆடைகளே. விலை குறைவு என்பதனாலேயே ஓர் ஆடை குற்றமற்றதாகிவிடாது. விலை மிகுதி என்பதனாலேயே பாவமாகிவிடாது. தைத்தவரை மனிதராக எண்ணினோமா என்பதே கேள்வி.

அவரும் குறையற்றவர் அல்லர். காலம் மாறியது. ஆலையில் தைத்துக் கடையில் தொங்கும் ரெடிமேட் ஆடைகளின் பக்கம் உலகம் திரும்பியது. அவ்வழியில் தம்மால் நேர்மையாகத் தைக்க இயலாது என்று உணர்ந்த அவர், 1968-இல் பாரிஸ் ஆடையகத்தை மூடிவிட்டார். கொள்கைக்காகக் கடையை மூடியது பெருமைதான். ஆனால் அவரையே நம்பிப் பல்லாண்டு ஊசி பிடித்த பெண்களுக்கு அது வேலையிழப்பு. கொள்கை வீரத்தின் செலவைச் சில வேளை கொள்கை வீரர் மட்டும் கொடுப்பதில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் நாம் வரலாறு சொல்லவில்லை, புகழ்மாலை பாடினோம் என்றாகும்.

பணி ஓய்ந்த பின்னும் ஊசி அவரை முற்றிலும் விடவில்லை. 1972 மார்ச்சில் நடந்த ஒரு திருமணத்துக்காக மணமகளின் உடையை அமைத்தார். அதே மாதம் ஸ்பெயினில் இறந்தார். உடலை ஏற்றுக்கொண்டது கெத்தாரியாக் கல்லறைத் தோட்டம். பாரிசில் பெயர் பெற்றவர் ஊர்க் கடலோசை கேட்கும் இடத்துக்கே திரும்பினார். 2011-இல் அவ்வூரில், காசா தோரெஸ் குடும்பத்தின் அதே பழைய மாளிகையை ஒட்டி, அவர் பெயரால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுவன் துணிமூட்டையுடன் ஏறிப்போன குன்றில் இன்று அவர் ஆடைகளைக் காண மக்கள் ஏறிப்போகின்றனர். பெல்ஜியம் அரசி ஃபபியோலா 1960 திசம்பர் 15-ஆம் நாள் அரசர் போதுவேனை மணந்தபோது அணிந்த வெண்பட்டுத் திருமண உடையும் பலென்சியாகா அமைத்ததே. அவ்வரசி காசா தோரெஸ் குடும்ப வழியில் வந்தவர். சிறுவனை நம்பி ஒரு துணியைக் கொடுத்த குடும்பத்தின் பெண்ணுக்கு, அவன் முதியவனாகி மணவுடை தைத்துக்கொடுத்தான்.

அவர் பெயரில் நிறுவனம் ஒன்று இன்றும் நடக்கிறது. உரிமையாளர் பலர் மாறி, வேறு கலைஞர்கள் பொறுப்பேற்று, காலணிமுதல் கைப்பைவரை விற்கின்றனர். ஐம்பத்துமூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் 2021-இல் உயர்தரத் தையற் காட்சியும் மீண்டும் நடந்தது. கடைத்தெருவில் அப்பெயரைக் காணும் நம் இளைஞர்கள் அது ஒரு மீனவ ஊர்த் தையற்காரியின் மகனின் பெயர் என்று அறிந்திருப்பார்களோ, ஐயம்தான்.

அன்புள்ள சகோதரியே, இப்போது உங்களுக்கு நம் பதில். உங்கள் மகன் பலென்சியாகா ஆவான் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயிரத்தில் ஒருவர்க்கும் அது வாய்ப்பதில்லை. வாய்க்க வேண்டும் என்பதுமில்லை. தொழில் மதிப்புள்ளதா என்றால், ஆம். யோப்பா நகரில் தபித்தா என்ற பெண் இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து அழுதபடி அவரிடம் காட்டியவை என்ன? அவள் தங்களுக்குத் தைத்துக்கொடுத்த அங்கிகளும் மேலாடைகளும். திருத்தூதர் பணியில் ஒரு தையற்காரியின் வேலை சாட்சியாக நின்றது. ஆணுக்கு இது தகுமா என்று சினப்பவரிடம், திருத்தூதர் பவுலும் கூடாரத் துணி தைத்தே தம் உணவை ஈட்டினார் என்று பணிவாகச் சொல்லுங்கள். அவர் உங்கள் உடன்பிறந்தவர்; சினம் தணிந்ததும் வருவார். வரும்போது மருமகன் தைத்த சட்டை ஒன்று அவருக்காகக் காத்திருக்கட்டும்.

ஆனால் ஒன்று செய்யுங்கள். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புமுன், இவ்விடுமுறை முழுதும் அவன் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். படம் வரைவதை ஒதுக்கிவைத்து, காஜா எடுக்கவும், ஓரம் மடித்து அடிக்கவும், தோளில் கை வைக்கவும் பழகட்டும். கை சரியாக அமையாதபோது பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறையும் பிரிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் முறை அவன் முணுமுணுக்காமல் தானாகவே பிரித்தெடுத்தால், தயங்காமல் அனுப்பிவையுங்கள். முணுமுணுத்தால், இன்னும் சில மாதம் பொறுங்கள். ஆடம்பர உலகம் அவனைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சத்துக்கும் இதைவிட நல்ல மருந்து நமக்குத் தெரியவில்லை. யாரும் பார்க்காத இடத்திலும் நேராகத் தைக்கப் பழகிய கையை, எல்லாரும் பார்க்கும் இடம் எளிதில் வளைத்துவிடாது.

அவன் முதல் ஆடையை உங்களுக்காகவே தைக்கட்டும். அடுத்த பங்குத் திருவிழாவில் அதை உடுத்திக்கொண்டு திருப்பலிக்கு வாருங்கள். தையல் எப்படி அமைந்தது என்று நமக்கு எழுத மறவாதீர்கள்.